ஐ.டி.ஐ. படித்தால் உள்ளூரிலேயே வேலை கிடைக்குமா?

மே மாதம் பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் சொந்தக்காரர்களிடமிருந்து எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். இந்தத் தடவை முதலில் கூப்பிட்டது சித்தி மகள். "பையன் 287 மார்க் எடுத்திருக்கானுங்கண்ணா. இவரு ஐ.டி.ஐ.ல சேர்த்தலாம்ங்கறாரு. எனக்குத்தான் மனசு வரமாட்டீங்குது. நீங்க அதுல படிச்சவங்கதானே, சொல்லுங்க" என்றாள்.

மனசு வராததன் காரணம் எனக்குத் தெரியும். ஐ.டி.ஐ. என்றால் வேறு போக்கிடம் இல்லாதவன் போகிற இடம் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. நான் சேர்ந்த காலத்தில் ஃபிட்டர் படிக்கிறேன் என்று சொன்னால், "எந்தப் பாடத்துல போச்சு?" என்றுதான் கேட்பார்கள். ஆனால் அவளிடம் நான் மார்க்கைப் பற்றியும் பேசவில்லை, மானத்தைப் பற்றியும் பேசவில்லை. "உங்க வீட்டுல இருந்து பத்துப் பதினஞ்சு கிலோமீட்டருக்குள்ள என்னென்ன பட்டறை, கம்பெனி இருக்குதுன்னு ஒரு நோட்டுல எழுதி வைம்மா. அப்புறம் பேசலாம்" என்றேன். கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டாள். நான் எதற்காக அப்படிச் சொன்னேன் என்பதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தொழிற்கல்வி என்ற ஒரே சொல்லுக்குள் நாம் நாலைந்து விஷயங்களைப் போட்டு அடைத்து வைத்திருக்கிறோம். மேல்நிலைப் பள்ளியில் தொழிற்கல்விப் பிரிவு என்று ஒன்று உண்டு. பிளஸ் டூ முறை வந்த 1978-லிருந்து அது இருக்கிறது. இப்போது பல பள்ளிகளில் பெயரளவுக்குத்தான். அடுத்தது ஐ.டி.ஐ., அதாவது தொழிற்பயிற்சி நிலையம். பத்தாவது முடித்தவர்கள் சேரலாம். வெல்டர், கம்பியாள் (வயர்மேன்) போன்ற சில பிரிவுகளில் எட்டாவது முடித்திருந்தாலே போதும். பிரிவைப் பொறுத்து ஓராண்டோ ஈராண்டோ படிப்பு. மூன்றாவது பாலிடெக்னிக். பத்தாவதுக்குப் பிறகு மூன்றாண்டு டிப்ளமோ. இவை போக மூன்று மாதம், ஆறு மாதம் நடக்கும் குறுகிய காலத் திறன் பயிற்சிகள் இருக்கின்றன. கடைசியாக, பலரும் கவனிக்காமல் விட்டுவிடுகிற ஒன்று: தொழிற்பழகுநர் பயிற்சி. நாம் அப்ரண்டிஸ் என்கிறோமே, அது.

பொறியியல் கல்லூரி ஓர் இயந்திரம் ஏன் அப்படி ஓடுகிறது என்று சொல்லித்தரும். ஐ.டி.ஐ. அதை ஓட வைக்கச் சொல்லித்தரும். பாலிடெக்னிக் இரண்டுக்கும் நடுவில் நின்று வரைபடத்தைப் படிக்கவும் வேலையைப் பிரித்துக் கொடுக்கவும் மேற்பார்வை செய்யவும் ஆளைத் தயார் செய்யும். ஒன்று உசத்தி, ஒன்று மட்டம் என்று இதற்குள் ஏணி கட்டியது நாம்தான். ஒரு பட்டறை ஓட மூன்று பேரும் வேண்டும். எண்ணிக்கையில் அதிகம் வேண்டியிருப்பது இரண்டாவதாகச் சொன்ன ஆள்.

ஐ.டி.ஐ.க்குள் என்னதான் நடக்கிறது என்று வெளியில் இருப்பவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. இயந்திர பாகங்களைச் செதுக்கிப் பொருத்துகிற ஃபிட்டர் பிரிவையே எடுத்துக்கொள்வோம். சேர்ந்த முதல் சில வாரங்களில் கையில் கிடைப்பது ஓர் அரம், ஒரு இரும்புத் துண்டு, முன்னால் அதை இறுக்கிப் பிடிக்க ஒரு வைஸ். அந்தத் துண்டை ராவி நாலு பக்கமும் சமமாக, மூலை சரியாகத் தொண்ணூறு டிகிரி இருக்கும்படி கொண்டுவர வேண்டும். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பார் இன்ஸ்ட்ரக்டர். இடையில் துளி வெளிச்சம் தெரிந்தாலும் திரும்ப ராவு. தோள்பட்டை கழன்றுவிடும் போல வலிக்கும். எந்திரத்தில் ஒரு நிமிடத்தில் முடிகிற வேலைக்கு எதற்கு இந்தப் பாடு என்று அப்போது திட்டிக்கொண்டேதான் செய்தேன். கை அந்த இரும்பைப் படித்துக்கொண்டிருந்தது என்பது பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. பிறகு வெர்னியர் வருகிறது: 0.02 மில்லிமீட்டர் வரை அளக்கும். அப்புறம் மைக்ரோமீட்டர்: 0.01. தலைமுடியை விட மெல்லிய ஓர் அளவுக்காக ஒரு பொருளை ஒதுக்கித் தள்ளலாம் என்பது பதினாறு வயதுப் பையன் மண்டையில் ஏறுகிற இடம் அதுதான்.

படிப்பு நேரத்தில் பத்தில் ஏழு பங்கு செய்முறைதான். மீதியில் தொழிற்பாடம், வரைபடம், கணக்கு, கொஞ்சம் பேச்சு–கம்ப்யூட்டர் பயிற்சி. அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. தமிழ்நாட்டில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், பஸ் பாஸ், சீருடை, காலணி, வரைபடக் கருவிகள் எல்லாம் தருகிறார்கள். அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து படித்த மாணவிகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. 2024 ஆகஸ்டிலிருந்து மாணவர்களுக்கும் அதேபோல் தமிழ்ப் புதல்வன் வந்துவிட்டது. இரண்டுமே ஐ.டி.ஐ.க்கும் பொருந்தும்.

சேருவதற்கு முன்னால் ஒன்றை விசாரித்துக்கொள்ளுங்கள். முக்கியமாகத் தனியார் ஐ.டி.ஐ. என்றால். இந்தப் பயிற்சித் திட்டம் 1950-ல் மத்திய அரசு தொடங்கியது. தேர்வும் சான்றிதழும் தேசிய அளவில் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று 1956-ல் ஒரு தேசியக் குழுமம் அமைத்தார்கள். என்.சி.வி.டி. என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். எஸ்.சி.வி.டி. என்பது மாநில அளவிலானது. ரயில்வேக்கோ, வேறு மாநிலத்துக்கோ, வெளிநாட்டுக்கோ போகிறபோது கேட்பது பெரும்பாலும் என்.சி.வி.டி. சான்றிதழ். அங்கீகாரம் நிலையத்துக்கு மொத்தமாகக் கொடுப்பதல்ல, ஒவ்வொரு தொழிற்பிரிவுக்கும் தனித்தனி. "எங்க ஐ.டி.ஐ. என்.சி.வி.டி.ங்க" என்று வாசலில் சொன்னால், "நான் சேரப்போற டிரேடுக்கு இருக்குதா?" என்று திருப்பிக் கேளுங்கள்.

சரி, சான்றிதழ் வாங்கியாயிற்று. அடுத்த நாளே வேலை கிடைக்குமா என்றால், கிடைக்கலாம். ஆனால் வேலை தெரிந்தவன் என்ற பெயர் அந்தச் சான்றிதழால் வராது. ஐ.டி.ஐ.யில் இருந்த லேத்தும் (கடைசல் எந்திரம்) கம்பெனியில் இருக்கிற லேத்தும் பெரும்பாலும் ஒரே தலைமுறையைச் சேர்ந்தவையாக இருக்காது. வகுப்பில் ஒரு துண்டைச் செய்ய ஒரு நாள் எடுத்துக்கொள்ளலாம். கம்பெனியில் ஷிஃப்டுக்கு இத்தனை என்று கணக்கு. இந்த இடைவெளியை அடைக்கத்தான் தொழிற்பழகுநர் பயிற்சி.

ஜெர்மனியில் இதைத் தனி நிலையாக வைப்பதில்லை. பையன் வாரத்தில் மூன்று, நான்கு நாள் கம்பெனியில் இருப்பான். மீதி ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளிக்குப் போவான். இரண்டிலிருந்து மூன்றரை வருடம் இப்படியே ஓடும். படிப்பும் வேலையும் ஒன்றாகப் பின்னிக்கொண்டு வரும். நாம் படிப்பை முதலில் முடித்து, பட்டறையை அதற்குப் பின்னால் வைத்திருக்கிறோம். நம்முடைய தொழிற்பழகுநர் சட்டம் 1961-ல் வந்தது. இப்போதைய விதிப்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற நிறுவனம், தன் ஆட்களின் எண்ணிக்கையில் இரண்டரை சதவீதத்திலிருந்து 15 சதவீதம் வரை பழகுநர்களைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2019-ல் திருத்திய விதிகள் ஐ.டி.ஐ. முடித்தவருக்கு வைத்த குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 7,000 ரூபாய். இதில் ஒரு பகுதியை, ஆளுக்கு 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு ஏற்றுக்கொள்ளும் திட்டம் 2016-ல் வந்தது. ஐ.டி.ஐ. முடித்தவருக்குப் பெரும்பாலான பிரிவுகளில் ஓராண்டுப் பழகுநர் பயிற்சி. முடிவில் தனித் தேர்வு, தனிச் சான்றிதழ்.

கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறை எல்லா இடத்திலும் இப்படி இல்லை. நான் பழகுநராக இருந்த இடத்தின் பெயர் வேண்டாம். முதல் நான்கு மாதம் இரும்புத் தூள் கூட்டி அள்ளியதும் டீ வாங்கி வந்ததும்தான் என் பயிற்சி. ஐந்தாவது மாதம் ஒரு மூத்த ஃபிட்டர் லீவில் போக, அவர் இடத்தில் நிற்க ஆள் இல்லாமல் என்னைக் கூப்பிட்டார்கள். நான் வேலை கற்றுக்கொண்டது அந்த லீவால்தான். எனக்கு நடந்தது அதிர்ஷ்டம். அதை நம்பி யாரும் ஒரு வருடத்தை அடகு வைக்க முடியாது.

அதனால் சேரும்போதே பார்க்க வேண்டியவை சில உண்டு. உங்களோடு போடும் ஒப்பந்தம் அரசின் பழகுநர் இணையதளத்தில் பதிவாகிறதா? பதிவாகவில்லை என்றால் அந்தப் பக்கம் டிரெய்னி என்று என்ன பெயர் வைத்துக்கொண்டாலும், சட்டப்படி நீங்கள் தொழிற்பழகுநர் இல்லை. முடிவில் அந்தச் சான்றிதழும் வராது. எந்தப் பிரிவுக்குப் பதிவு செய்கிறார்கள் என்பதையும் பாருங்கள். லேத்தில் கடைகிற டர்னர் வேலை படித்தவனைப் பேக்கிங்கில் நிறுத்துவது புதிதல்ல. இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: சட்டம் பழகுநரைத் தொழிலாளி என்று சொல்வதில்லை, பயிற்சி பெறுபவர் என்றுதான் சொல்கிறது. பி.எஃப். கிடையாது. ஆனால் பாதுகாப்பு விதிகள் உங்களுக்கும் பொருந்தும். வேலையில் அடிபட்டால் இழப்பீட்டுக்கு உரிமை உண்டு. பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. வருடா வருடம் புதுப் பழகுநர்களை எடுத்து, வருட முடிவில் அனுப்பிவிட்டு, மறுபடி புது ஆள் எடுத்து ஓட்டுகிற இடங்கள் உண்டு. கேட்டில் நிற்கிற செக்யூரிட்டியிடம் "போன வருஷம் அப்ரண்டிஸ் முடிச்சவங்கள்ல எத்தனை பேர் இங்கயே இருக்காங்க?" என்று கேட்டுப் பாருங்கள். எச்.ஆர். சொல்வதைவிடச் சரியான கணக்கு அவரிடம் இருக்கும்.

இப்போது சித்தி மகள் கோபித்துக்கொண்ட அந்த நோட்டுக்கு வருகிறேன். ஐ.டி.ஐ. படித்தால் வேலை கிடைக்குமா என்ற கேள்விக்குப் பொதுவாகப் பதில் கிடையாது. எந்த டிரேடு, எந்த ஊர் என்று இரண்டையும் சேர்த்துக் கேட்டால்தான் பதில் வரும். பொறியியல் பட்டதாரி வேலை தேடிச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போகத் தயாராகத்தான் படிக்கிறான். ஐ.டி.ஐ. படிக்கிறவன் வீட்டிலிருந்து டிஃபன் பாக்ஸ் கட்டிக்கொண்டு போய்வர நினைக்கிறான். அப்படி நினைத்தால் படிப்பு ஊருக்குப் பொருந்த வேண்டும்.

கோயம்புத்தூரைப் பாருங்கள். மில்லுக்கு இயந்திரம் பழுது பார்க்க ஆரம்பித்த ஊர், அப்புறம் மோட்டார், பம்ப், கிரைண்டர், வார்ப்படம் என்று வளர்ந்தது. ஒரு பம்ப் முழுதாக வெளியே வர வேண்டுமானால் முதலில் பவுண்டரியில் வார்க்க வேண்டும். அதை லேத்தில் கடைய வேண்டும், மோட்டாருக்குக் காயில் கட்ட வேண்டும், பொருத்த வேண்டும், தண்ணீர் ஓட்டிச் சோதிக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு டிரேடு. பெரிய கம்பெனி ஒன்றுக்குப் பின்னால் சந்து சந்தாகச் சின்னப் பட்டறைகள். ஒரு இடத்தில் பிடிக்கவில்லை என்றால் அடுத்த சந்தில் வேலை. ஒருவன் ஐந்து வருடம் கழித்து இரண்டு லேத் வாங்கிப்போட்டுத் தானே முதலாளி ஆவதும் இங்கே அதிசயமில்லை. ஆரம்பப் பள்ளிப் படிப்போடு நின்றுவிட்ட ஜி.டி. நாயுடு 1945-லேயே இந்த ஊரில் பாலிடெக்னிக் ஏற்படுத்தினார் என்பதும், பி.எஸ்.ஜி. தொழிற்பயிற்சிக் கூடம் 1926-ல் வந்தது என்பதும் தற்செயல் இல்லை. பட்டறை முதலில் வந்தது, பயிற்சி அதன் பின்னால் வந்தது. இந்த ஊரில் டர்னரோ மெஷினிஸ்டோ படித்துவிட்டு வேலை இல்லாமல் இருப்பவனிடம் வேறு ஏதோ சிக்கல் இருக்கிறது என்றுதான் நான் நினைப்பேன். (கொஞ்சம் கடுமையான பேச்சுதான். மாற்றிக்கொள்ள மாட்டேன்.)

திருச்சி வேறு கதை. அறுபதுகளில் திருவெறும்பூர்ப் பக்கம் பெல் (BHEL) என்கிற பொதுத்துறை நிறுவனத்தின் கொதிகலன் தொழிற்சாலை வந்தது. கொதிகலன் என்றால் குழாய். குழாய் என்றால் வெல்டிங். அதைச் சுற்றி இரும்பை வெட்டி ஒட்டிக் கொடுக்கிற ஃபேப்ரிகேஷன் யூனிட்டுகள் நூற்றுக்கணக்கில் முளைத்தன. 1975-ல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமே அங்கு அமைந்தது. உயர் அழுத்தக் குழாயை ஒட்ட எல்லோரையும் விடமாட்டார்கள். 6ஜி என்று ஒரு நிலை இருக்கிறது: குழாயை 45 டிகிரி சாய்த்து அசையாமல் நிறுத்திவிடுவார்கள், குழாயைத் திருப்பக் கூடாது, வெல்டர்தான் அதைச் சுற்றி வந்து ஒட்ட வேண்டும். ஒட்டியதை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். உள்ளே அனுமதித்த அளவை மீறிய காற்றுக் குமிழ் இருந்தால் தோல்வி. அதில் தேறியவனுக்கு ஊருக்குள் தனி மரியாதை. ஐ.டி.ஐ.யில் வெல்டர் ஓராண்டுப் படிப்புதான். ஆனால் அதற்கு மேல் ஏறிப் போக இப்படிப் படிகள் அந்த ஊரிலேயே இருந்தன.

ஆனால் பாருங்கள், புது மின்நிலையங்களுக்கான ஆர்டர் குறைந்தபோது அந்த யூனிட்டுகளில் பல வேலையின்றி நின்றன. ஒரே நிறுவனத்தை நம்பி ஊரே ஒரே தொழிலைக் கற்றிருந்தால் இப்படித்தான் ஆகும். கைத்திறன் கையில் இருந்தது, வேலை ஊரில் இல்லை. வளைகுடாவுக்கும் வேறு மாநிலங்களுக்கும் பலர் கிளம்பினார்கள். அதனால் ஊரில் என்ன தொழில் இருக்கிறது என்று பார்ப்பதோடு, எத்தனை பேர் அந்த ஆளை வேலைக்கு எடுப்பார்கள் என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரே ஒருவர் என்றால் யோசியுங்கள்.

தொழிற்பேட்டையே இல்லாத ஊர் என்றால்? அங்கும் நோட்டு காலியாக இருக்காது. தமிழ்நாட்டில் இலவச மின்சாரத்தில் ஓடும் விவசாயப் பம்ப்செட்டுகள் மட்டும் 20 லட்சத்துக்கு மேல். ஒவ்வொன்றும் என்றாவது ஒரு நாள் கருகும். போர்வெல்லில் இருந்து மோட்டாரைத் தூக்கி, பழைய காயிலை வெட்டி எடுத்து, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் காயவைத்து, மறுபடி இறக்கிக் கொடுக்க வேண்டும். பயிர் காய்கிறவன் நாளைக்கு வரை பொறுக்க மாட்டான். இந்த வேலையை யாரும் பெங்களூருக்கோ சீனாவுக்கோ அனுப்ப முடியாது. வீட்டு வயரிங், ஃப்ரிட்ஜ், ஏ.சி., டூவீலர், இப்போது கூரைமேல் சோலார் எல்லாம் இந்த வகைதான். கருவி இருக்கிற இடத்துக்கே ஆள் போயாக வேண்டும்.

வயரிங் வேலையில் ஒரு சட்டச் சங்கதியும் உண்டு. கை தெரிந்தால் போதாது, அதற்குரிய தகுதிச் சான்றிதழ் வேண்டும். புது மின் இணைப்புக்கு டெஸ்ட் ரிப்போர்ட் போடுவது உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியனோ கம்பியாளோ படித்தவருக்கு இந்தச் சான்றிதழ் வழி சுலபம். படிக்காமல் அண்ணனோடு போய் வேலை கற்றவர்களுக்கும் கதவு மூடவில்லை: அனுபவத்தின் பேரில் எழுதுகிற மின்கம்பியாள் உதவியாளர் தகுதித் தேர்வை அரசு நடத்துகிறது. அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுதவும் வழி உண்டு. பட்டறையில் பத்து வருடம் இருந்தும் கையில் ஒரு தாள் இல்லாமல் இருப்பவர்கள் இதை விசாரிக்கலாம்.

குறுகிய காலப் பயிற்சிகளைப் பற்றிச் சுருக்கமாக: திருப்பூர் பனியன் கம்பெனியில் தையல் எந்திரம் ஓட்ட மூன்று மாதம் போதும், சரி. ஆனால் அதே எந்திரம் நின்றால் பழுது பார்க்கிற மெக்கானிக்கை மூன்று மாதத்தில் உருவாக்க முடியாது. எந்த வேலைக்கு எத்தனை காலம் என்று தெரிந்து சேர்ந்தால் ஏமாற்றம் இல்லை.

இந்தத் தையல் உதாரணத்திலேயே பெண்பிள்ளைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பெண்களில் ஐந்தில் இரண்டு பேருக்கு மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். பெருமையாகச் சொல்கிற கணக்கு இது. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் எந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிற ஆபரேட்டர்கள். செல்போன் கம்பெனியில் நான்கு வருடம் திருகு முடுக்கிய பெண், வெளியே வந்தால் அடுத்த கம்பெனியில் புது ஆள்தான். அதே லைனில் எந்திரத்தைச் சரிசெய்கிற டெக்னீஷியனுக்கு அந்த நான்கு வருடம் அனுபவமாகக் கூடவே வரும். தமிழ்நாட்டில் ஐ.டி.ஐ. சேரப் பெண்களுக்கு உச்ச வயது வரம்பு கிடையாது, ஆண்களுக்கு 40. கல்யாணமாகிப் பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகுகூடச் சேரலாம் என்பது இதற்குப் பொருள். அரசு 71 ஐ.டி.ஐ.களை 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் டாடா டெக்னாலஜீஸோடு சேர்ந்து புதுப்பித்து, ரோபோ, சி.என்.சி. (கணினி இயக்கும் எந்திரம்), மின்வாகனப் பிரிவுகளைக் கொண்டுவந்திருக்கிறது. அவற்றில் அரம் பிடிக்கிற தோள்பலத்தைவிடத் திரையைப் பார்த்து யோசிக்கிற வேலை அதிகம். 'அது பையன்கள் டிரேடு' என்று சொல்கிற வாத்தியார்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும்.

தொழில் கற்பது என்றதும் தமிழ்நாட்டில் சிலருக்கு முகம் சுளிக்கும். அதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம், ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் பாதி நாள் பள்ளியிலும் மீதி நாள் அப்பன் தொழிலிலும் இருக்கட்டும் என்றது. குலக்கல்வி என்று பெயர் வாங்கி, கடும் எதிர்ப்பைச் சந்தித்து, 1954-ல் காமராஜர் முதல்வரானதும் கைவிடப்பட்டது. அண்மையில் கைவினைஞர்களுக்கான மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டத்தைத் தமிழ்நாடு அப்படியே ஏற்காமல், குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டுக் கலைஞர் கைவினைத் திட்டம் என்று தனியாக நடத்துவதும் அந்த நினைவில்தான். இந்த எச்சரிக்கை உணர்வு இருக்கட்டும். ஆனால் ஐ.டி.ஐ. அந்த வரிசையில் வராது. கவுண்டர் வீட்டுப் பையனும் அருந்ததியர் வீட்டுப் பையனும் ஒரே வைஸில் மாறி மாறி ராவியதை நான் பார்த்திருக்கிறேன். ஐ.டி.ஐ. வாசலில் உன் அப்பா என்ன தொழில் செய்கிறார் என்று கேட்டு டிரேடு ஒதுக்குவதில்லை. அங்கே நிஜமாகவே கவலைப்பட வேண்டியது வேறு: ஏழை வீட்டுப் பையன் என்றால் விசாரிக்காமலே 'நீ ஐ.டி.ஐ. போ' என்று அனுப்புகிற பழக்கம். விருப்பம் கேட்காமல் அனுப்பினால் அதுவும் ஒரு வகையில் பழைய கதைதான்.

மேலே படிக்க முடியாதா என்ற கேள்வியும் வரும். முடியும். பத்தாவதுக்குப் பிறகு ஈராண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பொறியியலில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம். கணக்குப் போட்டால், ஈராண்டு ஐ.டி.ஐ., ஈராண்டு டிப்ளமோ, மூன்றாண்டு பி.இ. பிளஸ் டூ வழியாகப் போனவனைவிட ஒரு வருடம்தான் அதிகம். நடுவில் எந்தப் படியில் இறங்கினாலும் கையில் ஒரு தொழில் இருக்கும். அரசு வேலை என்று பார்த்தால், ரயில்வேயில் உதவி லோகோ பைலட் வேலைக்கு ஐ.டி.ஐ. ஒரு தகுதி. மின்வாரியக் கள உதவியாளர் வேலைக்கு எலக்ட்ரீஷியன், கம்பியாள் படித்தவர்களைக் கேட்கிறார்கள். ஆனால் அரசு வேலைக்காக மட்டுமே சேர்ந்து, தேர்வுக்காக ஏழெட்டு வருடம் பட்டறைப் பக்கமே போகாமல் காத்திருந்தவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர். வேலையும் வரவில்லை, கையும் மறந்துவிட்டது.

சம்பளத்தைப் பற்றி மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆரம்பச் சம்பளம் குறைவு. பக்கத்து வீட்டில் டெலிவரி வண்டி ஓட்டுகிற பையன் முதல் இரண்டு வருடம் அதிகமாகவே சம்பாதிப்பான். அதைப் பார்த்து விட்டுப் போனவர்கள் நிறைய. தாக்குப்பிடிக்க வீட்டில் கொஞ்சம் பொறுமை வேண்டும், அந்த இரண்டு வருடம் பையன் கையை எதிர்பார்க்காமல் குடும்பம் ஓட வேண்டும். எல்லா வீட்டாலும் இது முடியாது என்பதும் உண்மை. உள்ளூர் வேலையின் லாபம் சம்பளச் சீட்டில் முழுதாகத் தெரியாது. சென்னைப் பக்கம் ஒரகடத்தில் அதிகச் சம்பளம் வாங்குகிறவன் அறை வாடகை, மெஸ், ஊருக்கு வந்துபோகிற பஸ் கட்டணம் எல்லாம் கழித்துவிட்டு மீதியை எண்ண வேண்டும்.

மூன்று நாள் கழித்துச் சித்தி மகளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. கோடு போட்ட நோட்டில் பையன் கையெழுத்து. ஸ்பின்னிங் மில் இரண்டு, பவுண்டரி ஒன்று, லேத் பட்டறை ஆறு, மோட்டார் காயில் கட்டும் கடை நான்கு, கோழித்தீவன மில் ஒன்று, ஏ.சி. சர்வீஸ் ஒன்று, அரிசி மில் மூன்று. மில், தீவனம், அரிசி எல்லாவற்றிலும் மோட்டார்தான் ஓடுகிறது என்று அவனே பக்கத்தில் பென்சிலில் குறித்திருந்தான். கீழே ஒரு கேள்வி: "மாமா, காயில் கட்டறது எலக்ட்ரீஷியன் கோர்ஸ்லயே வருமா, தனியா கத்துக்கணுமா?"

இரண்டாம் வருடப் பாடத்தில் வரும், ஆனால் அங்கே ஒன்றிரண்டு மோட்டார்தான் பிரிக்கக் கிடைக்கும், மீதி கடையில்தான் கற்க வேண்டும் என்று பதில் போட்டேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைக்காரர் சனிக்கிழமை வந்து பார்த்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறாராம். "செருப்புப் போட்டுட்டுப் போடா, கீழ கம்பித் துண்டு கிடக்கும்" என்றேன்.